வான்கோழி ஏன் சக்கையாகிறது? தேங்க்ஸ்கிவிங் டின்னருக்கு முன் ஒரு எபிசோடு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேசும்போது வந்த "அப்புறம்", "அதாவது" எல்லாவற்றிலும் பாதியை வெட்டிவிட்டோம். மீதி பாதி என் பேச்சோடு ஒட்டிப் பிறந்தது, விட்டுவிட்டோம்.)

போன ரெண்டு எபிசோடும் டேட்டாபேஸ் பத்திப் பேசி உங்களைக் களைப்பாக்கிட்டேன். இந்த வாரம் கோடு கிடையாது, கறி. நவம்பர் பிறந்ததும் அமெரிக்காவில் இருக்கும் நேயர்களிடமிருந்து ஒரே கேள்விதான் விதவிதமாக வந்துகொண்டிருக்கிறது: "முதல் தடவையா வீட்டுல தேங்க்ஸ்கிவிங் பண்றோம். டர்க்கி காய்ஞ்சு போகாம வர என்ன பண்ணணும்?"

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. தேங்க்ஸ்கிவிங் என்பது நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை. 1863ல் லிங்கன் தேசிய அளவில் அறிவித்தார், 1941ல் நாடாளுமன்றம் நாளைச் சட்டமாக்கியது. நம்ம ஊர் பொங்கலுக்குப் பானை எப்படியோ, இங்கே அன்றைக்கு மேசை நடுவில் முழு வான்கோழி அப்படி.

அந்த முழு வான்கோழியைப் பெரும்பாலானவர்கள் கடமைக்குத்தான் சாப்பிடுகிறார்கள் என்பது இங்கே ஊரறிந்த ரகசியம். நான் முதன்முதலில் சாப்பிட்டது ஒரு ஆபீஸ் மதிய விருந்தில். நெஞ்சுக்கறி பஞ்சு மாதிரி வாயில் சுற்றிக்கொண்டே இருந்தது, உள்ளே இறங்கவில்லை. எல்லாரும் அதன்மேல் கிரேவியை ஊற்றி ஊற்றி முழுங்கினார்கள். கிரேவி என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததே இதற்காகத்தானோ என்று தோன்றியது. அதற்கப்புறம் மூன்று வருடமாக நானே வீட்டில் செய்து வருகிறேன்.

இந்த வருஷம் எனக்கும் கொஞ்சம் டென்ஷன் இருக்கு. மொத்தம் பதினோரு பேர். அப்பா, அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார்கள். அப்பாவுக்குப் பல்செட். நார் நாராக இருக்கும் கறி என்றால் தட்டில் ஒதுக்கிவிட்டு "வயிறு நிறைஞ்சிட்டுப்பா" என்று பொய் சொல்வார். அதே மேசையில் என் நண்பனின் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி. ஒருத்தருக்குக் கறி மெத்துன்னு இருந்தாகணும், இன்னொருத்தருக்குக் கறி சந்தேகத்துக்கு இடமில்லாம வெந்திருக்கணும். கேட்பதற்கு ரெண்டும் ஒன்றுக்கொன்று எதிரி மாதிரி இருக்கும். உண்மையில் எவ்வளவு தூரம் எதிரி என்பதுதான் இன்றைய எபிசோடு.

இன்னும் ரெண்டு விசில்

முதலில் நம்ம ஊர் சமையல் நமக்குக் கற்றுத்தந்திருக்கும் ஒரு விஷயத்தை ஓரமாக வைக்க வேண்டும். மட்டன் கடினமாக இருந்தால் என்ன செய்வோம்? இன்னும் ரெண்டு விசில் விடுவோம். நாட்டுக்கோழி வேகவில்லையா, இன்னும் கொஞ்சம் தண்ணி ஊற்றிக் கொதிக்க விடுவோம். "வேக வேக மெத்துன்னு ஆகும்" என்பது நம் கையிலேயே ஊறிப்போன விதி. சந்தேகம் வந்தால் கூடுதலாக வேக வைப்பது நமக்குப் பாதுகாப்பான பக்கம்.

வான்கோழி நெஞ்சுக்கறியில் இந்த விதி அப்படியே தலைகீழ். வேக வேக அது கெட்டியாகும்.

காரணம் ஜவ்வு. மட்டன் தொடையிலும் நாட்டுக்கோழிக் காலிலும் கொலாஜன் என்கிற ஜவ்வு நிறைய உண்டு. வெப்பத்தில் நீண்ட நேரம் இருந்தால் அது கரைந்து ஜெலட்டின் ஆகும். பாயா ஆறினதும் கட்டிப் போகிறதே, அந்த ஜெலட்டின்தான். தசை நார் தன் தண்ணீரை இழந்திருந்தாலும், இந்த வழவழப்பு நாக்கை ஏமாற்றிவிடும். போதாததற்கு நாம் குழம்பில் வேக வைக்கிறோம், சுற்றிலும் திரவம்.

நெஞ்சுக்கறியில் அந்த ஜவ்வு மிகக் குறைவு. கரைய ஒன்றும் இல்லை. இருப்பது தசை நாரும் தண்ணீரும்தான். பச்சைக் கறியின் எடையில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு தண்ணீர். சூடு ஏற ஏற அந்த நார்கள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவது போலத் தண்ணீரை வெளியே தள்ளும். 120 டிகிரி பாரன்ஹீட் வாக்கில் மயோசின் என்ற புரதம் உருமாற ஆரம்பிக்கும். 150ஐத் தாண்டும்போது ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் சேர்ந்துகொள்ளும். பிழிதல் வேகம் எடுப்பது அங்கேதான். (இங்கே ஓவன், தர்மாமீட்டர் எல்லாம் பாரன்ஹீட்டில் இருப்பதால் அதையே சொல்கிறேன். 150 என்றால் ஏறக்குறைய 66 செல்சியஸ், 165 என்றால் 74.)

அதனால் நெஞ்சுக்கறி 165ல் சாப்பிட நன்றாக இருக்கும், 180ல் சக்கை. தொடையும் காலும் நேர் எதிர். 165ல் பாதுகாப்பாக வெந்திருக்கும், ஆனால் ரப்பர் மாதிரி இழுக்கும். 175, 180 வரை போனால்தான் ஜவ்வு கரைந்து கறி எலும்பை விட்டு வரும்.

ஒரே பறவை, ஒரே ஓவன், ஆனால் இரண்டு முடிவு வெப்பநிலை. நம்ம தொழில் பாஷையில் சொன்னால், ஒரே சர்வரில் ஓடும் இரண்டு ஜாப். ஒன்று முடிந்தபின்னும் இன்னொன்று முடியும்வரை அதை நிறுத்த முடியாது. காலுக்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில் நெஞ்சு செத்துப்போகிறது.

இன்றைய பண்ணை வான்கோழி இதை இன்னும் மோசமாக்குகிறது. அமெரிக்கக் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அகன்ற நெஞ்சுள்ள வெள்ளை ரகம். அதிக நெஞ்சுக்கறிக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், அவை இயற்கையாக இணைசேரவே முடியாத அளவுக்கு நெஞ்சு பெருத்துவிட்டது. செயற்கைக் கருவூட்டல்தான். அதாவது, எந்தப் பகுதி சுலபமாகக் காய்ந்து போகுமோ அதையே பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள்.

(ஒரு சின்ன விலகல், மன்னிக்கணும். அமெரிக்கக் கண்டத்துப் பறவை இது. ஆங்கிலத்தில் துருக்கி நாட்டின் பெயர். துருக்கியில் இதன் பெயர் "ஹிந்தி". பிரெஞ்சில் "தேந்த்", அதாவது இந்தியாவிலிருந்து வந்தது. போர்ச்சுகீசியத்தில் "பெரு". யாருமே பொறுப்பேற்க மாட்டேன் என்கிறார்கள். இந்தியாவில் 1612 வாக்கில் ஜஹாங்கீர் அரண்மனைக்குக் கோவா வழியாக ஒன்று வந்து சேர்ந்தது. ராஜா அதைப் பார்த்து அசந்துபோய் ஓவியர் மன்சூரை வரையச் சொன்னார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.)

165 என்ற எண்

சரி, பாதுகாப்பு. அமெரிக்க வேளாண் துறை சொல்லும் எண் 165. கறியின் நடுப்பகுதி அந்த வெப்பத்தைத் தொட்டால் சால்மொனெல்லா கிட்டத்தட்ட அந்தக் கணத்திலேயே காலி.

பழைய புத்தகம், பாட்டி காலத்து ரெசிபி எல்லாவற்றிலும் 180 என்றுதான் இருக்கும். 2006க்கு முன்னால் வேளாண் துறையே முழுப் பறவைக்கு 180, நெஞ்சுக்கு 170 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வருடம்தான் எல்லாவற்றுக்கும் 165 என்று ஒரே எண்ணாக மாற்றினார்கள். ஒரு தலைமுறையே காய்ந்த வான்கோழி சாப்பிட்டு வளர்ந்ததில் இந்த 180க்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இன்னொரு விஷயம், கிருமி சாவது வெப்பத்தால் மட்டுமில்லை, வெப்பமும் நேரமும் சேர்ந்து. 165ல் கண நேரம். 160ல் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 150ல்கூட ஐந்து நிமிடத்துக்குள் அதே வேலை நடந்துவிடும். இதை வைத்துச் சில சமையல்காரர்கள் நெஞ்சுக்கறியை 150லேயே எடுத்துவிடுகிறார்கள். அறிவியல் சரிதான். ஆனால் என் மேசையில் ஒரு கர்ப்பிணி இருக்கிறார், சர்க்கரை உள்ள ஒரு அப்பா இருக்கிறார். என் தர்மாமீட்டர் முனை மிகக் குளிர்ந்த புள்ளியைத்தான் தொடுகிறது என்று எவ்வளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும்? அதனால் என் வீட்டில் முடிவு இது: 165ஐத் தொட்டாக வேண்டும், அதைத் தாண்டி ஒரு நிமிடம்கூட ஓவனில் இருக்கக் கூடாது.

இதற்கு உதவும் ஒரு இயற்பியல் உண்டு. ஓவனிலிருந்து எடுத்த பிறகும் வெளிப்புறச் சூடு உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். முழு வான்கோழியில் ஐந்து முதல் பத்து டிகிரி வரை தானாக ஏறும். ஆகவே நெஞ்சின் மிகத் தடித்த இடம் 160 காட்டும்போது வெளியே எடுக்கிறேன். தர்மாமீட்டரை உள்ளேயே விட்டு, 165 ஆகிறதா என்று பார்க்கிறேன். ஆகவில்லையா, மறுபடியும் ஐந்து நிமிடம் ஓவன். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மேசைக்கு.

இந்தத் தர்மாமீட்டரைப் பார்த்து அம்மா கேட்ட கேள்வி: "கறி வெந்துச்சான்னு பார்க்க தர்மாமீட்டராலே? அதுக்கென்ன காய்ச்சலா?"

அம்மா கையால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார், குழம்பில். ஐந்தரை கிலோ பறவையின் நடுவில் என்ன நடக்கிறது என்று வெளியே இருந்து அழுத்திப் பார்த்துச் சொல்ல முடியாது. "சாறு தெளிவா வந்தா வெந்துடுச்சு" என்பதும் நம்ப முடியாது. எலும்புப் பக்கம் இளஞ்சிவப்பாக இருப்பதும் வேகாததற்கு அடையாளம் இல்லை. கடையில் பறவையோடு குத்தியே வரும் பிளாஸ்டிக் பட்டனை மறந்துவிடுங்கள். அது மேலே துள்ளி வரும்போது நெஞ்சுக்கறி பெரும்பாலும் 165ஐ நன்றாகத் தாண்டியிருக்கும். பதினைந்து, இருபது டாலருக்கு டிஜிட்டல் தர்மாமீட்டர் கிடைக்கிறது. இந்த விருந்துக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள். வாங்கியதும் ஐஸ் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 32 காட்ட வேண்டும். முனை எலும்பைத் தொடக் கூடாது. எலும்பைத் தொட்டால் காட்டும் எண்ணைக் கறியின் எண்ணாக எடுக்க முடியாது.

முதுகெலும்பை எடுத்துவிடுங்கள்

நெஞ்சு 160 வரும் நேரத்தில் தொடை 175 வர வேண்டும். எப்படி?

உணவு அறிவியல் எழுதும் ஹெரால்ட் மெகீ சொன்ன ஒரு வழி உண்டு. ஓவனில் வைக்குமுன் நெஞ்சின் மேல் மட்டும் ஐஸ் பாக்கெட்டைக் கட்டிவைப்பது. கால் கொஞ்சம் முன்னால் ஓட ஆரம்பிக்கும், நெஞ்சு பின்தங்கித் தொடங்கும். முடிவில் ரெண்டும் ஒன்றாகச் சேரும். எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். வான்கோழிக்கு ஐஸ் ஒத்தடம்! ஆனால் நான் செய்வது அதைவிட முரட்டு வழி.

முதுகெலும்பை இரண்டு பக்கமும் கத்தரித்து எடுத்துவிட்டு, பறவையைத் திருப்பிப் போட்டு நெஞ்சு எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து ஓங்கி அழுத்துவது. 'டக்' என்று சத்தம் வரும். பறவை திறந்த புத்தகம் மாதிரி தட்டையாகப் படுத்துவிடும். முழுப் பறவையில் தொடை கீழே ஒளிந்திருக்கும், நெஞ்சு மேலே துருத்திக்கொண்டு எல்லாச் சூட்டையும் வாங்கும். தட்டையாக்கினால் தொடைகள் ஓரத்துக்கு வந்து நேரடிச் சூட்டில் கிடக்கும், நடுவில் தடித்த நெஞ்சு மெதுவாக ஏறும். நமக்கு வேண்டிய அதே வித்தியாசம்.

இரண்டாவது லாபம் நேரம். சூடு உள்ளே போக ஆகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப ஏறும். தடிமன் பாதியானால் நேரம் ஏறக்குறைய கால் பங்கு. முழுப் பறவை அவ்வளவு எளிய வடிவம் இல்லைதான், ஆனாலும் 12 பவுண்டு வான்கோழி 325 டிகிரியில் மூன்று மணி நேரம் எடுப்பது, தட்டையாக்கி 425ல் வைத்தால் ஒன்றரை மணி நேர வாக்கில் முடிந்துவிடுகிறது. இதே காரணத்துக்காகத்தான் 20 பவுண்டு ராட்சசப் பறவை வாங்காதீர்கள் என்று சொல்கிறேன். நடு வேகும்போது வெளிப்புறம் கருவாடு ஆகியிருக்கும். பதினோரு பேருக்கு 12 பவுண்டு தாராளம், அதுவும் நம்ம வீட்டில் பக்கத்தில் பிரியாணி இல்லாமலா இருக்கப் போகிறது. இருபது பேர் என்றால் ரெண்டு சின்னப் பறவை.

நஷ்டம்? சினிமாவில் வருகிற மாதிரி முழுப் பறவையை மேசைக்கு நடுவில் வைத்துப் போட்டோ எடுக்க முடியாது. எனக்கு இது ஒரு நஷ்டமாகவே தெரியவில்லை.

நல்ல தடித்த சமையலறைக் கத்தரிக்கோல் போதும். கை வலிக்கும் என்றால் பக்கத்து ஹலால் கறிக்கடையில் வாங்குங்கள், கேட்டால் அவர்களே முதுகெலும்பை எடுத்துத் தருவார்கள். எடுத்த எலும்பைத் தூக்கிப் போடாதீர்கள், கிரேவிக்கு அதுதான் முதல்.

உப்பு செய்யும் வேலை

கறி ஜூஸியாக இருக்க ஒரு வாளி உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவது பழைய வழக்கம். வேலை செய்யும். ஆனால் உள்ளே ஏறுவதில் பெரும்பகுதி குழாய்த் தண்ணீர், ருசி நீர்த்துப் போகும். போதாததற்கு வாளியை வைக்க ஃபிரிட்ஜில் இடம் வேண்டும். நான் செய்வது வெறும் உப்பைத் தடவி வைப்பது.

தடவினதும் உப்பு கறியிலிருந்து ஈரத்தை இழுக்கும், மேலே வியர்த்த மாதிரி இருக்கும். அந்த ஈரத்தில் உப்பு கரையும். பிறகு சில மணி நேரத்தில் அந்த உப்புநீரைக் கறி திரும்ப உள்ளே வாங்கிக்கொள்ளும். உள்ளே போன உப்பு, முதலில் சொன்ன மயோசினைக் கொஞ்சம் கரைத்துத் தளர்த்துகிறது. தளர்ந்த நார் சூட்டில் முன்னைப்போல இறுக்கிப் பிழியாது. உப்பு தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை, இருக்கும் தண்ணீர் வெளியே போகாமல் காக்கிறது. 165க்கும் சக்கைக்கும் இடையில் நமக்கு ஒரு சின்ன மூச்சுவிடும் இடம் கிடைப்பது இதனால்தான்.

அளவு: கிலோவுக்கு 8 கிராம். 12 பவுண்டு பறவை ஐந்தரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆக 43 கிராம் வாக்கில். கரண்டியால் அளக்காதீர்கள். பொடி உப்பும் இங்கே கிடைக்கும் பருமனான கோஷர் உப்பும் ஒரே கரண்டியில் வேற வேற எடை, தராசுதான் சரி. தோலுக்கு மேலே தூவுவதைவிட, தோலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் விரலை விட்டு மெல்லப் பிரித்து, பாதி உப்பைக் கறியிலேயே நேரடியாகத் தடவுங்கள். இதோடு மிளகுப் பொடி, வறுத்து அரைத்த சீரகம், கொஞ்சம் சோம்பு சேர்ப்பேன். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் வேண்டாம், 425 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்தில் கருகிக் கசக்கும். தயிரும் வேண்டாம். தந்தூரிக்கு அருமை, ஆனால் தோல் மொறுமொறுப்பாக வராது.

ரொம்ப முக்கியமான ஒரு எச்சரிக்கை. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். உறைந்த வான்கோழிகளில் நிறைய, எடையில் 8 சதவீதம் வரை உப்புக் கரைசலை ஊசியில் ஏற்றித்தான் விற்கிறார்கள். பொடி எழுத்தில் போட்டிருக்கும். கோஷர் முறையில் வந்ததும் ஏற்கெனவே உப்பு பட்டதுதான். அதற்கு மேல் நீங்கள் முழு அளவு உப்பைப் போட்டால் கருவாட்டுக் குழம்பு நினைவுக்கு வரும். அவற்றுக்குப் பாதி அளவு, அல்லது மசாலா மட்டும்.

வியாழன் மதியத்துக்கு முன்

உறைந்த பறவை ஃபிரிட்ஜுக்குள் உருகுவதற்கு நாலு, அஞ்சு பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். 12 பவுண்டுக்கு மூன்று நாள். ஆகவே சனிக்கிழமை இரவு ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கிவிடுங்கள், அடியில் ஒரு தட்டோடு. சமையல் மேடையில் வைத்து உருக்காதீர்கள், உள்ளே ஐஸாக இருக்கும்போதே வெளிப்புறத்தில் கிருமி குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். மறந்துபோய் புதன்கிழமை நினைவுக்கு வந்தால், கவரோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி வையுங்கள். பவுண்டுக்கு அரை மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். ஆறு மணி நேரம் வேற வேலை ஓடாது.

செவ்வாய் இரவு முதுகெலும்பை எடுத்து உப்புத் தடவி, கம்பி ரேக்கில் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். மூடாமல் வைப்பது தோல் காய்வதற்காக. ஈரத் தோல் பொன்னிறமாகாது, முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். உள்ளே கழுத்தும் ஈரல் பாக்கெட்டும் இருக்கும், கை விட்டு எடுத்துவிடுங்கள். அப்புறம் நம்ம வீடுகளில் சண்டையே வரும் விஷயம்: கழுவ வேண்டாம். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், "கழுவாத கறியை எப்படிடா சமைப்ப?" என்று முகம் சுளித்தார். கழுவுவதால் கிருமி சாகாது, சிங்க், குழாய், பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி எல்லாவற்றின் மேலும் தெறிக்கும், அவ்ளோதான். சாகடிப்பது சூடு. காகித டவலால் ஒற்றி எடுத்தால் போதும். உண்மையில், நான் ஒற்றிக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து ஹாலுக்குப் போய்விட்டார். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழன் மதியம்: ஓவன் 425. ட்ரேயில் வெங்காயம், கேரட், செலரியைப் பரப்பி ஒரு கப் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ரேக், அதன்மேல் பறவை, தோல் மேலே. அந்தத் தண்ணீர் கறிக்காக இல்லை. கீழே சொட்டும் கொழுப்பு புகைந்து அபார்ட்மென்டின் ஸ்மோக் அலாரம் அலறாமல் இருப்பதற்காக. தோலின் மேல் லேசாக எண்ணெய். ஒரு மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து வெண்ணெயை அள்ளி மேலே ஊற்றுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தோலில் வழிந்து கீழே ஓடிவிடும், கறிக்குள் போகாது. ஒவ்வொரு முறையும் ஓவன் சூடு இறங்கி நேரம் நீளும், தோலும் நமத்துப் போகும். பார்க்க அக்கறையாக இருக்கும் என்பதைத் தவிர வேறு பயன் எனக்குத் தெரியவில்லை. பறவைக்குள் ரொட்டி ஸ்டஃபிங்கை அடைப்பதும் அப்படித்தான். அந்த நடுவும் 165 தொட வேண்டும், அது தொடுவதற்குள் நெஞ்சு எங்கேயோ போயிருக்கும். தனிப் பாத்திரத்தில் செய்யுங்கள்.

ஒரு மணி நேரம் ஆனதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பாருங்கள். நெஞ்சு 160, தொடை 175க்கு மேல் என்றால் வெளியே. தோல் சீக்கிரம் கருக்கிறது என்றால் நெஞ்சின் மேல் மட்டும் ஃபாயில் ஒரு துண்டு.

அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். சூடாறும்போது உள்ளே இருக்கும் சாறு கொஞ்சம் கெட்டிப்படும், வெட்டினதும் பலகையில் ஓடாது. இந்த நேரத்தில்தான் முதுகெலும்பு, கழுத்து போட்டுப் புதன்கிழமையே கொதிக்க வைத்திருந்த தண்ணீரும், ட்ரேயில் சொட்டியதும் சேர்ந்து கிரேவி ஆகிறது. இப்போது கிரேவி ருசிக்கு, முழுங்குவதற்கு இல்லை.

வெட்டுவதில் ஒரு விஷயம், அப்பாவுக்காக நான் கவனிப்பது. நெஞ்சுக்கறியைப் பறவையிலேயே வைத்து நீளவாக்கில் சீவாதீர்கள். எலும்பிலிருந்து முழுத் துண்டாகக் கழற்றிப் பலகையில் வைத்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்காக, விரல் தடிமனில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் நார் குட்டையாகிவிடும், பல் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கத்தியே செய்துவிடும். சமைத்ததில் எந்த மாற்றமும் இல்லாமல் இது மட்டும் தருகிற வித்தியாசத்தைச் செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள்.

மீந்தது இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். மூன்று, நான்கு நாள் தாங்கும். வெள்ளிக்கிழமை தொடைக்கறியைப் பிய்த்துப் போட்டு மிளகுக் குழம்பு வைப்பதாக அம்மா இப்போதே சொல்லிவிட்டார். தாராளமாகக் கொதிக்கட்டும், தொடைக்கு ஒன்றும் ஆகாது. நெஞ்சுக்கறியை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு போடச் சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம்லே" என்றார்.

கேள்வி இருந்தால் வாய்ஸ் நோட்டாக அனுப்புங்க, புதன்கிழமை ராத்திரிக்குள்ள. வியாழக்கிழமை மதியம் நான் போனை எடுக்க மாட்டேன்.